ஆரோக்கியசாலை மன்னனின் ஊரில்

அங்கோர் வாட்டில் சூரிய உதயம் பார்க்க விடியற்காலை 5 மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. அகழியைத் தாண்டி, கைபேசி வெளிச்சத்தில் தட்டுத்தடுமாறி நடந்து, இடப்பக்கக் குளத்தங்கரையில் இடம் பிடிக்க வேண்டும். ஐந்து கோபுரங்களும் தண்ணீரில் தலைகீழாக விழும் நேரத்துக்காக அத்தனை பேரும் கேமராவும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்கள். திருச்சியிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தின் பையன் மட்டும் குனிந்து முழங்காலைச் சொறிந்துகொண்டிருந்தான். எட்டாம் வகுப்பு. அரைக்கால் சட்டை.

"நேத்து ராத்திரியே சொன்னேன்லடா, முழு பேண்ட் போட்டுக்கன்னு," என்றார் அவனுடைய அத்தை.

"கொஞ்ச நேரம் அத்தை. வெளிச்சம் வந்தா கொசு தானா போயிடும்."

போகாது. வெளிச்சம் வந்த பிறகுதான் கவலைப்பட வேண்டிய கொசு கிளம்புகிறது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காலையில் சூரியன் வந்த முதல் சில மணி நேரமும், மாலையில் இருட்டுவதற்கு முந்தைய நேரமும் அதற்கு உச்ச வேளை. அங்கோருக்கு வரும் பயணிகள் கோயில் சுற்றுவதும் சரியாக அதே இரண்டு வேளைகளில்தான். ராத்திரி அறைக்குத் திரும்பியதும் கொசுவர்த்தி ஏற்றிவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள், பகல் முழுக்கக் கையையும் காலையும் திறந்து போட்டுக்கொண்டு அலைகிறார்கள். நம்மூர்க்காரர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான்.

அந்தக் கொசு தாமரைக் குளத்தில் பிறப்பதும் இல்லை. கம்போடிய கிராமங்களில் வீட்டுக்கு வீடு வாசலோரம் இடுப்பளவு உயரத்தில் பெரிய பெரிய சாடிகளைப் பார்க்கலாம். கூரையிலிருந்து வழியும் மழைநீரைப் பிடித்து மாதக்கணக்கில் வைத்துக்கொள்வதற்கானவை அவை. ஏடிஸுக்கு வேண்டியது அப்படிப்பட்ட தெளிந்த, அசையாத தண்ணீர். அதனால் பல கிராமங்களில் சாடிக்குள் கப்பி மீன் விடும் திட்டத்தை உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு நடத்திப் பார்த்தார்கள். சாடி விளிம்பில் குனிந்து நிழல் விழாமல் கொஞ்ச நேரம் பார்த்தால், விரல் நகம் அளவு சாம்பல் மீன்கள் மேலே வருவது தெரியும். கொசுப்புழு கண்ணில் பட்டால் ஒரே கவ்வு. பூச்சிமருந்துக்குக் கொசு பழகிப்போன நாட்டில் இந்த மீன் பெரிய துணை.

ஆனாலும் டெங்கு அடங்கிவிடவில்லை. 2019-இல் மட்டும் கம்போடியாவில் 65 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு டெங்கு வந்தது. பெரும்பாலும் குழந்தைகள். மே முதல் அக்டோபர் வரையான மழைக்காலத்தில்தான் வேகம் அதிகம். நுழைவுச்சீட்டு வரிசை குறைவு, அறை வாடகை குறைவு என்று அந்த மாதங்களில் போகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியது கடினமில்லை. முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை உடுப்பு, திறந்த தோலில் 'டீட்' அல்லது 'பிக்காரிடின்' கலந்த கொசு விரட்டிக் களிம்பு. வெயிலுக்கான சன்ஸ்கிரீனும் பூசுவதாக இருந்தால் அதை முதலில் பூசி, காய்ந்த பிறகு கொசு விரட்டியைப் பூச வேண்டும். அங்கோர் வாட்டின் உச்சி அடுக்கான பாக்கனுக்கு ஏற, தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது கோயில் விதி. மரியாதைக்காக வைத்த விதி உடம்புக்கும் நல்லது செய்கிறது. பையன் அன்றைக்கு பாக்கன் படிக்கட்டின் கீழேயே நிறுத்தப்பட்டான். மறுநாளிலிருந்து யாரும் சொல்லாமலேயே முழு பேண்ட்.

*

சியெம் ரீப் ஊரிலிருந்து கோயில்களுக்குப் போகும் சாலையில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. டுக்டுக்கில் விரையும் பயணிகளில் பலர் அதைக் கவனிப்பதில்லை. கவனித்தவர்கள், டெங்கு காலத்தில் வாசலில் வைக்கப்படும் அறிவிப்பைப் பார்த்திருப்பார்கள்: ரத்தம் கொடுங்கள். காலை வேளையில் வாசல் கொள்ளாத கூட்டம். இடுப்பில் குழந்தையுடன் தாய்மார்கள், பாய் சுருட்டி எடுத்து வந்த பாட்டிகள். கந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைகளில் ஒன்று அது. அதன் பெயர் ஏழாம் ஜெயவர்மன்.

சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் பீட் ரிச்னர் 1974-இல் நாம்பென் நகரில் வேலைக்கு வந்தவர். அடுத்த வருடமே கெமர் ரூஜ் ஆட்சியைப் பிடித்ததால் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. பாழான மருத்துவமனையைத் திரும்பக் கட்டித் தரச் சொல்லி மன்னர் சிஹானுக் கேட்டுக்கொண்டதும் மறுபடி வந்தார். நாம்பென்னில் 1992-இல் முதல் மருத்துவமனை, சியெம் ரீப்பில் 1999-இல் இது. சிகிச்சை முழுக்க இலவசம். சனிக்கிழமை மாலைகளில் அவரே மருத்துவமனை அரங்கில் செல்லோ வாசித்து, பயணிகளிடம் உதவி கேட்பார். இளைஞர்களிடம் ரத்தம், வயதானவர்களிடம் பணம், நடுவயதுக்காரர்களிடம் இரண்டும். 2018-இல் அவர் மறைந்தார். அதற்கு முந்தைய ஆண்டு அங்கோர் நுழைவுக் கட்டணம் உயர்த்தப்பட்டபோது, ஒவ்வொரு சீட்டிலிருந்தும் 2 டாலர் இந்த மருத்துவமனைகளுக்குப் போகும் என்று அரசு அறிவித்தது. கோயில் பார்க்கப் போனவர் ஒருவர், எங்கோ ஒரு குழந்தைக்கு ஏறும் குளுக்கோஸுக்கும் சேர்த்துக் காசு கொடுத்திருக்கிறார் என்பதை அறிந்தால், அந்தச் சீட்டின் விலை உறுத்தாது.

கெமர் மன்னன் ஜெயவர்மன் பெயரை இந்த மருத்துவமனைக்கு வைத்தது மிகப் பொருத்தம். வேர்கள் சுவரைக் கவ்விப் பிடித்திருக்கும் தா ப்ரோம் கோயிலைப் படம் எடுக்காத பயணி கிடையாது. அதே தா ப்ரோமில் கிடைத்த 1186-ஆம் ஆண்டுச் சமஸ்கிருதக் கல்வெட்டு, ஏழாம் ஜெயவர்மனின் நாட்டில் 102 ஆரோக்கியசாலைகள் இருந்ததாகச் சொல்கிறது. இன்றைய லாவோஸ், தாய்லாந்து வரை அவை பரவியிருந்தன. வியன்தியான் பக்கம் சாய் ஃபோங் என்ற இடத்தில் கிடைத்த இன்னொரு கல்வெட்டில், ஓர் ஆரோக்கியசாலைக்கு எத்தனை வைத்தியர், எத்தனை பணியாட்கள் என்ற விவரம் இருக்கிறது. வெந்நீர் காய்ச்சவும் மருந்து அரைக்கவும் தனியாகப் பெண்கள் இருந்தார்கள். மருந்துச் சரக்குகளின் பட்டியலைப் படித்தால் அஞ்சறைப்பெட்டியைத் திறந்தது போல இருக்கும்: கடுகு, சீரகம், கொத்தமல்லி, ஏலக்காய், இஞ்சி, எள், தேன், கற்பூரம். எல்லா வர்ணத்தாருக்கும் சிகிச்சை உண்டு என்றும் அது சொல்கிறது. இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் வீரராஜேந்திர சோழன் காலத்தில், காஞ்சிபுரம் பக்கத்துத் திருமுக்கூடலில் 15 படுக்கைகளோடு ஆதுலர் சாலை நடந்ததைப் பற்றிய கல்வெட்டைப் படித்த தமிழருக்கு, சாய் ஃபோங் கல்வெட்டு அந்நியமாகத் தெரியாது.

மரத்தால் கட்டிய நோயாளிக் கூடங்கள் மக்கிப்போயின. கல்லால் கட்டிய சிறு கோயில்கள் மட்டும் மிஞ்சின. தா கியோ கோயிலுக்குப் பக்கத்தில், சாலையோரம் அப்படி ஒன்று நிற்கிறது. வண்டியை நிறுத்திப் பார்க்கிறவர் குறைவு. வடக்கே நீக் பியன் மட்டும் கொஞ்சம் புகழ் பெற்றது. ஏரி நடுவே மரப்பாலத்தில் நடந்து போனால், நடுவில் ஒரு பெரிய சதுரக் குளம், நாலு பக்கமும் நாலு சிறு குளங்கள். நடுக்குளத்துத் தண்ணீர் யானை, சிங்கம், குதிரை, மனிதன் ஆகிய கல்முகங்களின் வாய் வழியாகச் சிறு குளங்களில் விழும். நோயாளிகள் அங்கே வந்து நீராடி, நோய் தீரும் என்று நம்பினார்கள். இன்றைக்கு இறங்க அனுமதி இல்லை, இறங்கவும் கூடாது.

அந்த மருத்துவ ஏற்பாடுகளுக்குக் காரணம் இருந்தது. 1296-இல் சீன அரசின் தூதுக்குழுவோடு அங்கோருக்கு வந்து ஏறத்தாழ ஓராண்டு தங்கிய ஜோ தாக்வான் எழுதிவைத்த குறிப்புகளில் நோய்களைப் பற்றித் தனிப் பகுதியே உண்டு. வயிற்றுக்கடுப்பு கண்டவர்களில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் இறந்துபோவதாக அவர் எழுதியிருக்கிறார்.

*

வயிற்றுக்கு வருவோம். ஏனென்றால் வெப்ப நாட்டுப் பயணத்தில் எல்லோரையும் முதலில் பதம்பார்ப்பது அதுதான்.

கம்போடியத் தெருவோரத்தில் இரண்டு விதமான ஐஸ் உண்டு. ஒன்று, நடுவில் துளையோடு குழாய்த் துண்டு போல இருக்கும். சுத்திகரித்த தண்ணீரில் ஆலையில் வார்த்து, பையில் கட்டி வருவது. மற்றது, பாளம் பாளமாக வண்டியில் வந்து, சாக்குமேல் வைத்து ரம்பத்தால் அறுத்து, தட்டி உடைப்பது. பெரும்பாலும் மீனையும் பானங்களையும் குளிரவைப்பதற்கு. கரும்புச்சாறு கேட்டால் கடைக்காரம்மா எதை எடுத்துப் போடுகிறார் என்று ஒரு பார்வை பார்த்தால் போதும். சந்தேகம் வந்தால் ஐஸ் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இளநீர் அந்தச் சந்தேகத்துக்கே இடம் வைக்காது.

குழாய்த் தண்ணீரைப் பற்றி நாம்பென் சொல்லும் கதை பெரிது. போர் முடிந்து 1993-இல் எக் சொன் சான் என்ற பொறியாளர் நகரக் குடிநீர் நிறுவனத்துக்குத் தலைவரானபோது, உற்பத்தியாகும் தண்ணீரில் 70 சதவீதத்துக்கு மேல் கசிந்தும் திருடப்பட்டும் வீணாகிக்கொண்டிருந்தது. ஒரு நாளில் பாதி நேரம் கூடத் தண்ணீர் வராது. அவர் ஒவ்வோர் இணைப்புக்கும் மீட்டர் வைத்தார், கட்டாதவர் யாராக இருந்தாலும் இணைப்பைத் துண்டித்தார். ஒரு ராணுவத் தளபதி வீட்டில் துப்பாக்கி முனையில் நிற்க வேண்டிவந்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பின்வாங்கவில்லை. அடுத்த சுமார் 15 ஆண்டுகளில் இழப்பு 6 சதவீத அளவுக்குக் குறைந்தது. 24 மணி நேரமும் குடிக்கத்தக்க நீர் வந்தது. 2006-இல் அவருக்கு மகசேசே விருது. ஆசியாவின் ஏழை நாடு ஒன்றின் தலைநகரில் இதைச் செய்ய முடிந்தது என்பதைச் சென்னையும் மதுரையும் கவனிக்க வேண்டும்.

இருந்தாலும் பயணி நேராகக் குழாயில் பிடித்துக் குடிக்கலாமா? வேண்டாம். ஆலையில் சுத்தமாகப் புறப்படும் நீர், விடுதியின் மாடித் தொட்டியிலும் பழைய குழாயிலும் என்ன ஆகிறது என்று யாருக்கும் தெரியாது. நாம்பென்னுக்கு வெளியே எல்லா ஊரிலும் இதே தரமும் இல்லை. சியெம் ரீப்பின் பல விடுதிகளில் பெரிய கேன்களில் சுத்திகரித்த நீர் வைத்திருக்கிறார்கள். கையோடு ஒரு பாட்டில் கொண்டுபோனால் நிரப்பிக்கொள்ளலாம், தெருவில் பிளாஸ்டிக்கும் சேராது. பல் தேய்க்கவும் அதே நீர்.

சாப்பாட்டில் இடத்தின் பளபளப்பைப் பார்க்காமல் சூட்டைப் பார்க்க வேண்டும். கண்ணெதிரே கொதிக்கும் சாற்றில் அள்ளிப் போட்டுத் தரும் குய் தியூ நூடுல்ஸ், தள்ளுவண்டியில் விற்றாலும் நம்பலாம். நட்சத்திர விடுதியில் மூன்று மணி நேரமாக வெதுவெதுப்பாகக் காத்திருக்கும் பஃபே சாதத்தை நம்ப முடியாது. வெட்டி வைத்த பழத்தைவிட, நாமே உரிக்கும் வாழைப்பழமும் மங்குஸ்தானும் மேல். பனைமரம் கம்போடியாவின் தேசிய மரம். தமிழர் வளர்க்கும் அதே பனைதான். நுங்கு கிடைக்கும், தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் இரவு முழுக்க மரத்தில் திறந்த மூங்கில் குழாயில் இறங்கிய பச்சைப் பனஞ்சாற்றைக் காய்ச்சாமல் குடிப்பதைத் தவிர்ப்பது நல்லது. பழந்தின்னி வௌவால்களும் அதைத் தேடி வருகின்றன. வங்கதேசத்தில் நிபா பரவியது இப்படித்தான். கம்போடிய வௌவால்களிலும் நிபா வைரஸ் கண்டறியப்பட்டிருக்கிறது.

திருச்சிக் குடும்பத்தில் வயிறு கெட்டது அத்தைக்கு. காலைச் சந்தையில் நொம் பஞ்சோக் சாப்பிட்டிருந்தார், ஆறிய அரிசிச் சேவையும் பச்சைக் கீரைகளும். சாயங்காலத்துக்குள் நாலைந்து தடவை போய்விட்டது. அவர் சர்க்கரை நோயாளி வேறு. தம்பி மனைவி பதறாமல் பையிலிருந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை எடுத்து, சரியாக ஒரு லிட்டர் நீரில் கரைத்து, ஒவ்வொரு தடவை போய் வந்த பிறகும் ஒரு டம்ளர் கொடுத்தார். சர்க்கரை அளவையும் அடிக்கடி பார்த்துக்கொண்டார். ராத்திரி பக்கத்துக் கடையில் பொபோர் வாங்கி வந்தார்கள். நம்ம கஞ்சியேதான், மேலே கொஞ்சம் வெங்காயத்தாள். மறுநாள் மதியத்துக்குள் அத்தை எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பொட்டலத்தின் மதிப்பை எவ்வளவு சொன்னாலும் தகும். 1971-இல் வங்கதேசப் போரின்போது, பன்காவ் எல்லையிலிருந்த அகதி முகாமில் காலரா வந்தது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனபீஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் கரைத்து, உறவினர்கள் கையாலேயே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கவைத்தார். 30 சதவீதம் அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. பொட்டலம் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான நீர், ஆறு தட்டையான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சோடாவும் குளிர்பானமும் இதற்கு மாற்று ஆகாது. மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், எதைக் குடித்தாலும் வாந்தி என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

*

"நம்ம ஊர்ல பாக்காத வெயிலா?" என்று கேட்காத தமிழ்ப் பயணி இல்லை. ஏப்ரலில் அங்கோரின் மணற்பாறைச் சுவர்கள் மதியம் முழுக்கச் சூட்டை வாங்கி, மாலை வரை திருப்பி உமிழ்கின்றன. காற்றில் ஈரம் அதிகமாதலால் வியர்வை காய்வதில்லை. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. ஏ.சி. அலுவலகத்தில் வருடம் முழுக்க உட்கார்ந்திருந்தவருக்குத் திருச்சி வெயிலே பழக்கம் இல்லை, சியெம் ரீப் வெயில் மட்டும் எப்படிப் பழகும்? உடம்பு புதிய வெப்பத்துக்குப் பழக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.

மூன்று நாள் நுழைவுச்சீட்டு வாங்கினால் அதைப் பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளில் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். இந்த வசதி பலருக்குத் தெரிவதில்லை. தொடர்ந்து மூன்று நாளும் மதிய வெயிலில் அடித்துப்பிடித்து ஓடுகிறார்கள். காலை 10 மணிக்குள் ஒரு சுற்று, மதியம் அறையில் தூக்கம், 3 மணிக்கு மேல் இன்னொரு சுற்று என்று வைத்துக்கொண்டால் கோயிலும் தெரியும், தலையும் சுற்றாது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் குடிக்க வேண்டும். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். கூட வந்தவர் குழறிப் பேசினாலோ, தோல் கொதிக்க மயங்கினாலோ அது வெப்பவாதம். நிழலுக்குத் தூக்கிப்போய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே வண்டி பிடிக்க வேண்டிய அவசரம் அது.

இன்சுலின் சூட்டையும் தாங்காது, உறைவதையும் தாங்காது. அதை விமானத்தில் கைப்பையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். சரக்கு அறையில் உறைந்துபோகக்கூடும். மருத்துவர் சீட்டு கூடவே இருக்கட்டும்.

பாயோன் கோயில் பக்கத்துக் குரங்குகள் பிளாஸ்டிக் பாட்டிலைக் கண்டால் பறிக்கும். தின்பண்டம் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள் என்று அங்கோரை நிர்வகிக்கும் அப்சரா அமைப்பு எச்சரித்தும் கொடுக்கிறார்கள், கடி வாங்குகிறார்கள். தெருநாயும் ஏராளம். கம்போடியாவில் வெறிநாய்க்கடி நோய் இன்றும் உயிர்களை வாங்குகிறது. நாயோ குரங்கோ கடித்தால், கீறினால்கூட, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். நாம்பென்னில் உள்ள பாஸ்டர் ஆய்வகம் இதில் உலகத்துக்கே வழிகாட்டியது. ஒரு மாதம் நீண்ட தடுப்பூசி வரிசையை ஒரே வாரத்தில், மூன்று வருகைகளில் முடிக்கலாம் என்று அங்கே நடந்த ஆய்வு காட்டியது. 2018-இல் உலக சுகாதார நிறுவனம் அந்த முறையை ஏற்றுக்கொண்டது. நடுவில் ஊர் திரும்ப நேர்ந்தால், ஊசி அட்டையைப் பத்திரமாக எடுத்து வந்து, மிச்சத்தை நம் அரசு மருத்துவமனையில் இலவசமாக முடித்துக்கொள்ளலாம்.

இத்தனை கிருமிகளையும் சொன்ன பிறகு, அவற்றையெல்லாம்விடப் பயணிக்கு ஆபத்தானது சாலை என்பதையும் சொல்லியாக வேண்டும். கம்போடியாவில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. சாலையைக் கடக்கும் தமிழர் பழக்கத்தில் முதலில் வலப்பக்கம் பார்க்கிறார். மோட்டார் சைக்கிளோ இடப்பக்கத்திலிருந்து வருகிறது. வாடகைக்கு ஸ்கூட்டர் எடுக்கிற இளைஞர்கள் தலைக்கவசத்தையும், அந்நாட்டில் செல்லும் உரிமம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உரிமம் இல்லாமல் விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தராது. பெரிய அறுவை சிகிச்சை என்றால் பாங்காக்குக்கு விமானத்தில் கொண்டுபோவது வழக்கம். அந்தச் செலவு ஒரு நடுத்தரக் குடும்பத்தையே சாய்த்துவிடும். காப்பீட்டில் அது அடங்குகிறதா என்று புறப்படுமுன் படித்துப் பார்ப்பது நல்லது.

தொன்லே சாப் ஏரிக்குப் போனால் படகில் இருந்து பார்த்துவிட்டு வரலாம். கிராத்தியே பக்கம் மேகாங்கில் டால்பின் பார்க்கப் போகிறவர்கள் ஆற்றில் இறங்கக் கூடாது. அங்கே நத்தைகள் வழியாகப் பரவும் ரத்தப்புழு தோலைத் துளைத்து உள்ளே போகும். தாய்லாந்து எல்லையோரக் கோயில்களில் நடைபாதையை விட்டு ஓர் அடியும் விலக வேண்டாம், கண்ணிவெடி இன்னும் முழுதாக அகற்றப்படவில்லை.

*

மலேரியாவைக் கடைசியில் வைத்தது அது சின்ன விஷயம் என்பதால் அல்ல. அங்கோரை ஐரோப்பாவுக்குத் தெரியவைத்த பிரெஞ்சு இயற்கையியலாளர் அன்ரி முஓ 1860-இல் இங்கே வந்தார். மறு ஆண்டு நவம்பரில், லாவோஸின் லுவாங் பிரபாங் அருகே காட்டில் காய்ச்சல் கண்டு இறந்தார். வயது 35. நாம் கான் ஆற்றங்கரையில் அவர் கல்லறை இருக்கிறது.

இன்று சியெம் ரீப்பிலும் அங்கோர் கோயில்களிலும் மலேரியா அநேகமாக இல்லை. கோயில் மட்டும் பார்த்துத் திரும்புகிறவருக்குத் தடுப்பு மாத்திரை தேவைப்படாது. முந்துல்கிரி, ரத்தனகிரி போன்ற காட்டுப் பகுதிகளில் தங்கப் போகிறவர்கள்தான் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும். அது கொசு கடித்த பிறகு தேடும் மாத்திரை அல்ல. போவதற்கு முன்பே ஆரம்பித்து, திரும்பிய பிறகும் சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டியது.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறார்கள் என்பதற்கு மேற்கு எல்லையிலுள்ள பைலின் மாகாணம் பதில் சொல்லும். மாணிக்கமும் நீலமும் தோண்டியெடுத்த மண். அங்கே சுரங்கத்துக்கும் காட்டுக்கும் வேலை தேடி வந்தவர்களுக்கு மலேரியா ஓயாது வந்தது. அரைகுறையாகச் சாப்பிட்ட மருந்து, கடைகளில் புழங்கிய போலி மாத்திரை. 1950-களின் இறுதியில் குளோரோகுயினுக்கு மலேரியாக் கிருமி பணிய மறுத்தது இந்தத் தாய்-கம்போடிய எல்லையில்தான். சீன விஞ்ஞானி தூ யூயூவுக்கு 2015-இல் நோபல் வாங்கித் தந்த ஆர்ட்டிமிசினினுக்கும் கிருமி மசியாமல் போவது முதலில் தெரிந்தது, 2008 வாக்கில், இதே மேற்குக் கம்போடியாவில். அதன் பிறகு கிராமத்துக்கு ஒருவர் என்று பயிற்சி பெற்ற மலேரியா ஊழியர்கள் வீடு வீடாக ரத்தம் சோதித்து மருந்து கொடுத்ததில், நோய் ஒரு காலத்தில் இருந்ததன் சிறு பங்காகச் சுருங்கிவிட்டது. அவர்கள் பல்லாண்டு பட்ட பாட்டைப் பயணி ஒருவர் பாதி மாத்திரையோடு நிறுத்திக் கெடுக்கக் கூடாது. தெருக்கடையில் மருந்து வாங்காமல், வேண்டியதை ஊரிலிருந்தே கொண்டுபோவதும் இதற்காகத்தான்.

புறப்படுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ, டெட்டனஸ் ஊசிகளைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். அங்கே இருக்கும்போது காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபெனும் டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டும். டெங்குவில் ஆபத்தான நாட்கள் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகின்றன. கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி என்று எது தெரிந்தாலும் 'காய்ச்சல்தான் விட்டுவிட்டதே' என்று இருந்துவிடாதீர்கள்.

ஊர் திரும்பிய பிறகும் இது முடிவதில்லை. டெங்கு இரண்டு வாரம் வரை, டைபாய்டு மூன்று வாரம் வரை உள்ளே இருந்து வெளிப்படலாம். மலேரியா மாதங்கள் கழித்தும் வரும். திரும்பி வந்து ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் கண்டால், வைரல் ஃபீவர் என்று நீங்களே முடிவுகட்டாமல் மருத்துவரிடம் போங்கள். எந்த நாட்டுக்குப் போனீர்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, காட்டில் தங்கினீர்களா, ஆற்றில் இறங்கினீர்களா, விலங்கு கடித்ததா என்று அவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள்.